லைன் கிளியர் கேட்கும் பெரியவர்

பிரேசர் டவுனில் மசூதி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரண்டு அபார்ட்மெண்ட் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மிச்சமிருக்கிறது அந்த ஓட்டு வீடு. முன்னறை மேஜையில் பேரன் விட்டுப்போன பழைய லேப்டாப். பக்கத்தில் 40 பக்க நோட்டுப் புத்தகம். உள்ளே ஸ்கேல் வைத்து நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறது: தேதி, நேரம், லண்டன், தொலைந்தது. 29.7.2025, மாலை 7.10, 152, 100-க்கு 7. அடுத்த வரியில் மறுநாள் கணக்கு. அதற்கடுத்து அதற்கு மறுநாள்.

எழுதுபவருக்கு 71 வயது. சதர்ன் ரயில்வேயில் சிக்னல் மெயின்டெய்னராக பெங்களூர் - ஜோலார்பேட்டை பாதையில் முக்கால்வாசி வாழ்க்கையைக் கழித்தவர். கம்ப்யூட்டர் மேல் அவருக்குப் பெரிய மோகம் எதுவும் இல்லை. நோட்டுப் புத்தகம் பிறந்தது ஒரு சண்டையால்.

தங்கை லண்டனில், ஈஸ்ட் ஹாமில், மகனோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பது பல வருட வழக்கம். பெங்களூரில் காபி நேரம் முடிந்திருக்கும், லண்டனில் மதியச் சாப்பாடு. சென்ற ஆண்டு அம்மா இறந்த பிறகு பேச்சு அடிக்கடி வீட்டைப் பற்றித் திரும்பும். பிரேசர் டவுனில் இன்று ஓட்டு வீடு என்றால் அதற்குப் பொருள் வீடு அல்ல, மனை. பில்டர்கள் வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறார்கள். 2025 ஜூலை 6-ஆம் தேதி ஞாயிறு, கையெழுத்து விஷயமாகத் தானும் வர வேண்டுமா என்று தங்கை கேட்டார். அண்ணன் சொன்ன பதில் இது: “இந்த வயசிலே இவ்வளவு தூரம் அலைச்சல் உனக்கு எதுக்கு? பேப்பரை நானே அனுப்பி வைக்கிறேன்.”

லண்டனில் கேட்டது: “உனக்கு எதுக்கு?” அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. படம் உறைந்து, அழைப்பு அறுந்தது.

அடுத்த மூன்று ஞாயிறும் தங்கை போனை எடுக்கவில்லை. மருமகனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது: ‘வீட்டு விஷயம் உனக்கு எதுக்குன்னு அம்மாவைக் கேட்டீங்களாமே, மாமா?’ படித்துவிட்டுப் பெரியவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்த பெண் மிகுந்த மரியாதையோடு, பெட்டியை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார். பிறகு வேகத்தைச் சோதிக்கச் சொன்னார். 100 எம்.பி. வேகத்துக்குப் பணம் கட்டியிருந்தார்; 96 வந்தது. “லைன் நல்லா இருக்கு சார்.” அவர் சொன்னது பொய்யில்லை. சினிமா தடையில்லாமல் ஓடியது. செய்தித்தாள் திறந்தது. பேச்சு மட்டும்தான் அறுந்தது.

இந்த முரண்பாடுதான் பலரைக் குழப்புகிறது. இணையத்தில் போகும் எதுவும் சிறு சிறு துண்டுகளாகத்தான் போகிறது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது நடுவில் ஒரு துண்டு தொலைந்தால், வாங்குபவர் ‘அது வரவில்லை’ என்று கேட்டு மறுபடி வாங்கிக்கொள்கிறார். சினிமாவும் அப்படியே, கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்திருப்பதால் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. பேச்சுக்கு அந்த அவகாசம் கிடையாது. வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குரலை நறுக்கி அனுப்பிக்கொண்டே போக வேண்டும். தொலைந்ததைத் திரும்பக் கேட்டு அது வந்து சேர்வதற்குள் அடுத்த வாக்கியம் முடிந்திருக்கும். எனவே தொலைந்தது தொலைந்ததுதான். சேர்ந்தாற்போல் பல துண்டுகள் போனால் ஒரு சொல் போகும். தமிழில் எந்தச் சொல் போகிறது என்பதைப் பொறுத்து உறவும் போகலாம். வேகச் சோதனை இதையெல்லாம் சொல்வதில்லை. குழாய் எவ்வளவு அகலம் என்று சொல்லும். ஓட்டை இருக்கிறதா என்று சொல்லாது.

வழி காட்டியவன் பக்கத்து அபார்ட்மெண்டில் இருக்கும் இன்ஜினியரிங் மாணவன். தக்னி பேசும் குடும்பம். பெரியவரோடு பேசும்போது கன்டோன்மென்ட் தமிழ். “ஸ்பீடை விடுங்க அங்கிள், பிங் போட்டுப் பார்க்கலாம்” என்று லேப்டாப்பில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்தான். எந்த கம்ப்யூட்டரிலும் இலவசமாகக் கூடவே வரும் கட்டளை அது. ‘பிங்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, தொலைவிலுள்ள கம்ப்யூட்டரின் எண்ணைக் கொடுத்தால், அங்கே ஒரு துண்டு போகும். ‘இருக்கிறேன்’ என்று பதில் வரும். போய் வந்த நேரம் மில்லி செகண்டில், அதாவது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், திரையில் விழும். பதில் வராவிட்டால் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’.

விளக்கம் முடிவதற்கு முன்பே பெரியவருக்குப் புரிந்துவிட்டது. ரயில்வேயில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே பிளாக் கருவி இருக்கும். ஒரு மணி அடித்தால் ‘கவனி’ என்று அர்த்தம். அடுத்த ஸ்டேஷன்காரர் பதிலுக்கு அதே மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். இரண்டு மணி அடித்தால் லைன் கிளியரா என்று கேள்வி. பதில் மணி வராமல் வண்டி நகராது. “நாங்க இதைத்தானேப்பா வருஷக்கணக்கா பண்ணினோம்” என்றார்.

பிங்கை எழுதியவரும் ஏறக்குறைய இப்படித்தான் யோசித்தார். அமெரிக்க ராணுவத்தின் பீரங்கி ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ், 1983 டிசம்பரில், தன் நெட்வொர்க் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே மாலையில் எழுதிய நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துத் தூரம் அறியும் சோனார் கருவியின் ஓசையிலிருந்து பெயரை எடுத்தார். பிங்கைப் பற்றித் தான் கேட்டதிலேயே சிறந்த கதை என்று அவர் சொல்லி வந்தது ஒன்று உண்டு: விட்டு விட்டு வேலை செய்யும் இணைப்பால் நொந்துபோன ஒருவர், பதில் வரும் போதெல்லாம் கம்ப்யூட்டர் ‘பிங்’ என்று கத்தும்படி செய்து, ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு ஒயர் இணைப்பாக அசைத்துப் பார்த்தாராம். சத்தம் எங்கே நின்றதோ அங்கே கோளாறு. மூஸ் 2000-இல் கார் விபத்தில் இறந்தார்.

மருமகன் தன் வீட்டு இணைப்பின் எண்ணை அனுப்பினார். பையன் 100 துண்டுகளை அனுப்பினான். 93 திரும்பின. நோட்டுப் புத்தகத்தின் முதல் வரி அதுதான்.

ஆனால் பெரியவரை அன்று ஈர்த்தது தொலைந்த ஏழு அல்ல, 152. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வெற்றிடத்தில் போவதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு மில்லி செகண்டுக்கு 100 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் யாராலும் முடியாது. பெங்களூரிலிருந்து லண்டன் நேர்கோட்டில் 8,000 கிலோமீட்டர். குறைந்தது 80 மில்லி செகண்ட் ஆக வேண்டும். மீதி 72 எங்கே போயிற்று? கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதில்தான் பெரும்பகுதி. அரபிக்கடல், செங்கடல், எகிப்தில் தரைவழி, மத்தியதரைக் கடல் என்று சுற்றுகிறது.

இந்த 100 கிலோமீட்டர் கணக்கு பொய்யையும் பிடிக்கும். அமெரிக்காவில் இருப்பதாக எல்லோரும் நினைக்கும் பிரபல கம்பெனி ஒன்றின் முகவரிக்குப் பையன் பிங் போட்டான். 4 மில்லி செகண்டில் பதில். ஒளியாலும் அந்த நேரத்தில் அமெரிக்கா போய் வர முடியாது. 400 கிலோமீட்டருக்குள், அதாவது பெங்களூரிலேயே அல்லது அதிகம் போனால் சென்னையில், அந்தக் கம்பெனியின் நகல் கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பெரியவர் அரைமணி நேரம் தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் தட்டி, யார் யார் உண்மையில் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். (எல்லோரும் பதில் சொல்வதில்லை. பிங்குக்கு வாய் திறக்கக்கூடாது என்று சில கம்ப்யூட்டர்களுக்கு உத்தரவு.)

ஏழு துண்டுகள் எங்கே தொலைகின்றன என்பது அடுத்த கேள்வி. அதற்கு வேறு கருவி: டிரேஸ்ரூட். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன் 1980-களின் இறுதியில் எழுதியது. ஒரு சின்னத் தந்திரத்தில் நிற்கிறது அது.

ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். வழக்கமாக 64 அல்லது 128. வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் துண்டைத் தூக்கியெறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு ‘உன்னுடையது என்னிடம் செத்தது’ என்று ஒரு தகவல் அனுப்பும். வழி தவறிய துண்டுகள் உலகத்தை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. டிரேஸ்ரூட் இந்த மரண அறிவிப்பை வேண்டுமென்றே வரவழைக்கிறது. முதலில் 1 என்று எழுதி அனுப்பும்; முதல் ரூட்டரிலேயே துண்டு சாகும்; அதன் முகவரி கிடைக்கும். அடுத்து 2. பிறகு 3. பெரியவர் தன் பாஷையில் இதை இப்படிச் சொல்கிறார்: ஒரே ஒரு ஸ்டேஷன் போகும் அளவுக்குக் கரி போட்டு ஒரு இன்ஜினை அனுப்பு, அது நிற்கும் ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி அடிப்பார். அடுத்த இன்ஜினுக்கு இரண்டு ஸ்டேஷன் கரி. இப்படியே போனால் பாதை முழுக்கத் தெரிந்துவிடும்.

திரையில் வரிசையாக விழுந்தன. முதலில் வீட்டுப் பெட்டி. அடுத்து கம்பெனியின் உள்ளூர் ரூட்டர். பிறகு பெயர்களில் ஊர் அடையாளம் தெரிய ஆரம்பித்தது: மும்பை, ‘எம்.ஆர்.எஸ்’ என்ற விமான நிலையக் குறியீட்டில் பிரான்சின் மார்சே, கடைசியில் லண்டன். நடுவே ஐந்தாவது வரியில் மூன்று நட்சத்திரங்கள்.

இங்கே பெரியவர் ஒரு தவறு செய்தார். நட்சத்திரம் என்றால் பதில் இல்லை. பதில் இல்லையென்றால் கோளாறு. ‘தங்களது ஐந்தாவது ஸ்டேஷன் இயங்கவில்லை’ என்று கம்பெனிக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். ரயில்வே ஆங்கிலத்தில், ‘உடனடி நடவடிக்கை கோரி’. மூன்றாம் நாள் பேசிய இன்ஜினியர் சிரிக்காமல் இருக்க முயன்றது போனிலேயே தெரிந்தது. ஐந்தாவது செத்திருந்தால் ஆறாவதும் ஏழாவதும் எப்படி சார் பதில் சொல்லும்? அந்த ரூட்டர் துண்டுகளைச் சரியாகக் கடத்துகிறது. தகவல் அனுப்பும் வேலையை மட்டும் செய்வதில்லை. பல ரூட்டர்கள் அப்படித்தான். ஓரிடத்தில் ஆரம்பிக்கும் இழப்பு அதற்குப் பின் கடைசி வரை தொடர்ந்தால்தான் கோளாறு அங்கே. பெரியவர் கடிதத்தின் நகலைக் கிழித்துப் போட்டார். நோட்டுப் புத்தகத்தை அல்ல.

பையனும் அவரும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித்தனியாக 100 மணி அடித்தார்கள். முதல் ஆச்சரியம், வீட்டுப் பெட்டிக்கே 2 தொலைந்தது. அது ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இரும்புக்கு அப்பால் வைஃபை தடுமாறாமல் என்ன செய்யும்? முன்னறை ஜன்னலுக்கு மாற்றியதும் அந்த இரண்டும் நின்றன. தங்கையோடு வந்த சண்டையில் ஏழில் இரண்டு பங்கு தன் வீட்டு பீரோ என்று நோட்டில் குறித்துக்கொண்டார். மிச்சம் 5. அது இரண்டாவது ஸ்டேஷனில் ஆரம்பித்து லண்டன் வரை மாறாமல் தொடர்ந்தது. வீட்டுக்கும் கம்பெனியின் உள்ளூர் ரூட்டருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பொருள்: சந்தில் தொங்கும் கேபிள்.

பிளேக் நோய்க்குப் பிறகு காற்றோட்டமான தெருக்களோடு 1906 வாக்கில் உருவாக்கப்பட்டு, மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராயிருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கிய பேட்டை இது. பின்னாளில் புலகேசி நகர் என்று பெயர் மாற்றினார்கள். ஆட்டோக்காரர்கள் இன்னும் மாற்றவில்லை. அந்தக் காலத்தில் தெருவில் நட்ட மரங்கள்தான் இன்று இன்டர்நெட்டின் கம்பங்கள். கிளைகளில் சுற்றி, முடிச்சுப் போட்டு, சுருள் சுருளாகக் கறுப்புக் கேபிள்கள். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். முழுவதும் நிற்காது, வேகச் சோதனையில் தேறிவிடும், அவ்வப்போது துண்டுகள் சிதறும்.

இம்முறை கடிதத்தில் கோபம் இல்லை. பதினைந்து நாள் கணக்கு, எந்த ஸ்டேஷன் வரை 0, எங்கிருந்து 5 என்ற இரண்டு வரிகள். சுதந்திர தினத்துக்கு முன்பு ஏணியோடு ஒருவர் வந்தார். மழைமரக் கிளையில் இறுகக் கட்டப்பட்டு முழங்கை போல மடிந்திருந்த இடத்தை வெட்டி, புதிதாக ஒட்டவைத்தார். பத்து நிமிட வேலை. நோட்டில் அன்றைய வரி: 151, 100-க்கு 0.

தங்கை ஆகஸ்ட் 17-ஆம் தேதி போனை எடுத்தார். மருமகன் நடுவில் பேசியிருந்தார். அண்ணன் தன் வாக்கியத்தை முழுதாகத் திரும்பச் சொன்னார். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. இம்முறை அது லைன் கோளாறு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெரியவருக்கு ஒரு குறை உண்டு. டிரேஸ்ரூட் போகும் வழியைத்தான் காட்டும். பதில் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைக் காட்டாது. போவது மும்பை வழியாகவும் வருவது சிங்கப்பூர் வழியாகவும் இருக்கலாம். திரையில் விழும் நேரம் இரண்டையும் சேர்த்தது. லண்டனிலிருந்து மருமகன் பெங்களூரை நோக்கிப் போட்டுப் பார்த்தார். கம்பெனியின் வாசலோடு நின்றுவிட்டது. ஒரே வெளி எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது இந்தியாவில் சகஜம் என்பதால், இந்த வீட்டை மட்டும் வெளியிலிருந்து கூப்பிட வழியில்லை. தவிர, வாட்ஸ்அப் பேச்சு எப்போதும் அதே பாதையில்தான் போகும் என்றும் சொல்ல முடியாது.

வழி என்பது இந்த ஊரில் எப்போதுமே விசித்திரமான விஷயம். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி, பக்கத்தில் மில்லர்ஸ் ரோட்டில் கடை விரித்தபோது அதன் சாட்டிலைட் டிஷ் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய கதை இன்றும் சொல்லப்படுகிறது. 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே இறங்க வேண்டும், பதிலும் அப்படியே. ஒரு மணி அடித்துப் பதில் வர அரை வினாடி. அந்நாளில் ஐ.எஸ்.டி. பேசியவர்களுக்கு இந்தத் தாமதம் பழக்கம்; ஒருவர் முடித்துவிட்டார் என்று தெரியும் வரை மற்றவர் காத்திருப்பார். 2003-இல் நிக்சி என்ற சந்திப்பு மையம் வரும் முன்பு, இருவேறு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கிய அடுத்தடுத்த தெருக்காரர்களின் தகவல் பல நேரம் வெளிநாடு போய்த்தான் திரும்பியது.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு. அன்று இரவு சந்திர கிரகணம் என்பதால் சீக்கிரம் சாப்பாட்டை முடிக்கும் அவசரம். அழைப்புக்கு முன்பு வழக்கம்போல மணி அடித்தார். தொலைந்தது எதுவும் இல்லை. ஆனால் 150-க்குப் பதிலாக 300-ஐத் தாண்டியிருந்தது. டிரேஸ்ரூட்டில் மும்பையும் மார்சேயும் காணோம். சிங்கப்பூர். பிறகு ‘எல்.ஏ.எக்ஸ்’, லாஸ் ஏஞ்சல்ஸ். லண்டனுக்குப் போகும் துண்டு கிழக்கே கிளம்பி, பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் செய்திகளில் காரணம் தெரிந்தது. முந்தைய நாள், செப்டம்பர் 6-ஆம் தேதி, சவூதியின் ஜெத்தா அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்திருந்தன. இந்தியாவை ஐரோப்பாவோடு இணைக்கும் சீ-மீ-வீ 4, ஐ-மீ-வீ இரண்டும் அவற்றில் அடக்கம். ஏதோ வணிகக் கப்பலின் நங்கூரம் இழுத்திருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். 2008 ஜனவரியில் அலெக்சாண்ட்ரியா பக்கம் அறுந்தபோதும், 2024 தொடக்கத்தில் செங்கடலில் அறுந்தபோதும் இதே கதைதான். இந்தியாவின் ஐரோப்பியப் பாதை 1870-இல் சூயஸ் - ஏடன் - பம்பாய் தந்திக் கேபிள் போட்ட நாளிலிருந்து அந்தக் குறுகிய கடலை நம்பியே இருக்கிறது. அடுத்த ஆண்டே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் ஒன்று போட்டார்கள். அந்த ஞாயிறு பெரியவரின் பேச்சு பிடித்துக்கொண்ட திசை அது.

அன்று மாலை இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். இரண்டாம் நிமிடத்தில் அண்ணன் சொன்னார்: “இன்னிக்கு லைன் சுத்திப் போவுதும்மா. பழைய டிரங்க் கால் மாதிரி நினைச்சுக்கோ. நீ முடிச்சப்புறம் நான் பேசறேன்.” அப்படியே பேசினார்கள். வீட்டை விற்பதா வேண்டாமா என்பது முடிவாகவில்லை. அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்பது முடிவாயிற்று.

நோட்டுப் புத்தகம் தீர்ந்து, இப்போது இரண்டாவது ஓடுகிறது. அழைப்பு வந்ததும் தங்கை முதலில் கேட்பது சௌக்கியத்தை அல்ல.

“இன்னிக்கு எத்தனைண்ணா?”

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டைப் பார்க்கிறார்.